சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு

புயல் வருகிறது, வீட்டை விட்டுக் கிளம்புங்கள் என்று சொன்னால் எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், புயல் எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கையில் சுண்டல் பொட்டலம் வேறு. குறையாகச் சொல்லவில்லை, சின்ன வயசில் நானும் அப்படிப் போனவள்தான். ஆனால் இந்த ஜனங்களைக் கிளப்பி மேட்டில் கொண்டுபோய் உட்காரவைப்பதற்கென்றே சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் பெயர் மங்களேஸ்வரி. தேசிய முன்னாயத்த வாரியத்தின் கரையோரப் பிரிவு அதிகாரி. பேரிடர் வருவதற்கு முன்னால் ஜனங்களைத் தயார் செய்வது வாரியத்தின் வேலை. வந்த பிறகு திட்டு வாங்குவது என் வேலை. நாங்களும் என்னென்னவோ செய்து பார்த்தோம். சைரன் வைத்தோம், அதில் காக்கா கூடு கட்டியது. குறுஞ்செய்தி அனுப்பினோம், மனை விற்கிறவன் அனுப்புகிற செய்திகளோடு சேர்த்து அழித்தார்கள். ஒரு சினிமா நடிகரைக் கூட்டிவந்து மைக்கில் பேசச் சொன்னோம். அவரைப் பார்க்க மேட்டில் இருந்தவர்களும் பள்ளத்துக்கு இறங்கி வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் இம்மானுவேல் வாரியத்தில் சேர்ந்தான். கெட்டிக்காரன், ஆனால் எதையும் கேள்வியாகவே ஆரம்பிப்பான். முதல் நாளே என் அறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"மேடம், யாரு எழுந்திருன்னு சொன்னா நீங்க கேள்வியே கேக்காம எழுந்திருப்பீங்க?"

"டைரக்டர்" என்றேன்.

"உண்மையைச் சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தேன். "எங்க அக்கா."

"அவ்வளவுதான் விஷயம். எல்லாருக்கும் அப்படி ஒரு குரல் இருக்கு. அதைக் கேட்டா மூளை யோசிக்கறதுக்கு முன்னாடி கால் எழுந்துடும். அது யார் குரல்னு பல பேருக்குத் தெரியாது. ஆனா நாடிக்குத் தெரியும்."

அந்த வருஷம் சுகாதாரத் துறை ஆளுக்கொரு கைப்பட்டை கொடுத்திருந்தது. ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் பார்த்துச் சொல்லும். அந்தப் பட்டைக்குக் காதும் உண்டு என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. யார் பேசும்போது இவருக்கு நாடி எகிறுகிறது, யார் சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் நடக்கிறார் என்று ஒரு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும், அந்தக் குரலைக் கண்டுபிடித்துவிடலாம் என்றான் இம்மானுவேல். பிறகு அதே குரலைச் செய்து, ஆபத்து வரும்போது அவரவர் பட்டையிலேயே பேசவைக்கலாம். வாரியம் இதற்குத் 'தனிநபர் ஏவற்குரல்' என்று பெயர் வைத்தது. ஜனங்கள் 'அதட்டல்' என்றார்கள்.

முதல் ஒத்திகை நடந்த அன்று மாவட்டமே நாறிப்போயிற்று. பட்டை சத்தமாகப் பேசும் என்பதை நாங்கள் பெருமையாக விளம்பரம் செய்திருந்தோம். வீட்டில் நாலு பேர் இருந்தால் யார் யாருக்கு அடக்கம் என்பது நாலு பேருக்கும் தெரியும் என்று யோசிக்கவில்லை. கலெக்டரின் பட்டை அவருடைய டிரைவர் குரலில் பேசியது. ஒருவருடைய பட்டை அண்ணி குரலில் பேசியது, அவர் பெண்டாட்டி அன்றைக்கே பிறந்த வீட்டுக்குப் போனாள். கட்சிக்காரர் ஒருவருக்குத் தலைவர் குரல் வரவில்லை. எதிர்க்கட்சி மச்சான் குரல் வந்தது. பாவம், பதவி போய்விட்டது. எனக்கு அக்கா குரல்தான் வந்தது. அவளோடு பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது, ஏதோ கல்யாண வீட்டில் அவள் யாரையோ அதட்டியதைப் பட்டை கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் கால் எழுந்துவிட்டது, எழுந்த பிறகு அழுதேன்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். எங்கள் டைரக்டர் வித்யாசாகருக்கு அது போதும். குடும்பத்தில் சண்டை வந்தால் அது வேறு துறை என்றார்.

பனங்கரை என்ற ஊரில்தான் அதிசயம். கடலோரம் நீளமாகக் கிடக்கிற சிறிய ஊர். அங்கே பாதிப் பேருக்கு மேல் ஒரே குரல் வந்தது. மீன் ஏலம் விடுகிறவர், பேங்கு மேனேஜர், பூக்காரி, போலீஸ் இன்ஸ்பெக்டர், பிள்ளை பெற்றவள், பேரன் எடுத்தவர், எல்லாருக்கும் ஒரே அதட்டல். 'டேய், என்ன மசமசன்னு நிக்கிற? வரிசையில வா.' விசாரித்தால், அது தணிகாசலம் சார். அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இப்போது பெரியவர்களாக இருக்கிற அத்தனை பேரும் அவர் விசிலுக்கு ஓடி வளர்ந்தவர்கள்.

அவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றேன். அவர் குரலைத்தானே எடுக்கிறோம்? டைரக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னால் அவருக்குத் தலைக்கேறிவிடும், பேரிடர் காலத்தில் குரல் பொதுச்சொத்து என்று சட்டமே இருக்கிறது என்றார். சரி, அவருக்கு யார் குரல் வந்தது என்று இம்மானுவேலிடம் கேட்டேன்.

"யாரும் இல்லை மேடம். ஒரு வருஷம் கேட்டோம். யார் சொன்னாலும் அவருக்கு நாடி அசையல. அந்த மாதிரி ஆளுங்களுக்கு அவங்க குரலையே குடுத்துடறோம்."

"அவர் சம்சாரம்?"

"அந்தம்மா பேசறதே இல்லை. பட்டையில ஒண்ணும் பதியல."

அடுத்த கார்த்திகையில் நிஜப் புயல் வந்தது. ஏதோ ஒரு நாட்டுக்காரர் வைத்த பெயர், எங்கள் வாயில் நுழையவில்லை. சாயங்காலம் பனங்கரையில் கரையைக் கடக்கும், கடல் ஊருக்குள் வரும் என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. ஊருக்கு மேற்கே மேட்டுப் பள்ளிக்கூடத்தை முகாமாக்கி, சோறு பொங்கி, பஸ்களை ஊர் எல்லையில் நிறுத்தி வைத்திருந்தோம். நானும் இம்மானுவேலும் பள்ளிக்கூடத்தில் திரையின் முன் உட்கார்ந்தோம். திரையில் ஊர் படமும், ஆளுக்கொரு புள்ளியும் தெரியும். அதட்டலை விட்டோம்.

அடடா, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூட்டை கட்டி, அடுப்பை அணைத்து, ஆட்டை அவிழ்த்து, பூட்டைப் பூட்டி, ஊரே வாசலுக்கு வந்தது. ஒரு வீட்டில்கூட, கடல் எனக்குத் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. டைரக்டர் போனில் இருந்தார், அவர் குரலே தழுதழுத்தது. நானும் கைகூப்பினேன். பிறகு புள்ளிகள் நகர ஆரம்பித்தன.

இம்மானுவேல் திரையை உற்றுப் பார்த்தான். "மேடம், மேப் தலைகீழா இருக்கா?"

மேப் சரியாகத்தான் இருந்தது. புள்ளிகள் கிழக்கே போய்க்கொண்டிருந்தன. கடலை நோக்கி. ஒன்றிரண்டு இல்லை, பாதி ஊர். எல்லாம் கடற்கரைத் தெருவின் கடைசி வீட்டுக்கு.

ஜீப்பை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

கடற்கரைத் தெருவில் ஜீப் நுழைய இடமில்லை. மூட்டை முடிச்சோடு ஜனம் வரிசையாக நின்றது. நிஜமாகவே வரிசை, உயரத்தின்படி, குட்டையானவர்கள் முன்னால். வரிசையின் தலையில் தணிகாசலம் சார் வீடு. போர்டிகோவில் பனியன் போட்டு நாற்காலியில் அவர். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் செண்பகம்மா வந்தவர்களுக்கெல்லாம் காபி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் போய் காலைத் தொட்டுக் கும்பிடுவார், போயிட்டு வரோம் சார் என்பார், நகர்ந்து, சாரும் கிளம்பட்டும் என்று ஓரமாக நிற்பார். அடுத்தவர் வருவார்.

வரிசையில் நின்ற பூக்காரியிடம், பஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, இங்கே என்ன வேலை என்று கத்தினேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"சாரே கூப்ட்டு, ஊரை விட்டுப் போகச் சொல்றாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம எப்படிம்மா போறது?"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். வாரியத்தில் இத்தனை படித்த தலைகள் இருந்தோம், ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! ஒத்திகையில் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை, தெருமுனை வரைதான் போனார்கள். தெருமுனைக்குப் போகிறவர்கள் யாரிடம் சொல்லிக்கொள்வார்கள்? ஊரை விட்டே போவதென்றால் அப்படியா? பெரிய மனிதர் ஒருவர் போ என்று சொன்ன பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல் போவது மரியாதையா? ஊரிலேயே பள்ளமான தெரு இது. ஊரையே கடல் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம்.

சாரிடம் ஓடினேன். நான் இன்னார், இந்தக் குரல் இன்னபடி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுபது வயசைத் தாண்டியும் முதுகு வளையாத மனிதர், ஆனால் முகம் வெளிறியிருந்தது.

"ஒத்திகை அன்னிக்கு நான் வெளியூர்ல இருந்தேன், ஒருத்தரும் எங்கிட்ட மூச்சு விடல. காலையில இருந்து எனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சோன்னு பயந்துகிட்டு உக்காந்திருக்கேன். தெருவுல அத்தனை பேர் கையிலயும் நான் கத்தறேன். இவ்வளவு கேவலமாவாம்மா இத்தனை வருஷம் புள்ளைங்களைத் திட்டியிருக்கேன்?"

அவரும் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டால் ஊரே ஏறிவிடும் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. என் குரலை எடுக்கும்போது என்னைக் கேட்டீங்களா என்றார். இல்லை என்றேன். அப்போ என்னைக் கிளப்பறதையும் உங்க மெஷினையே செய்யச் சொல்லுங்க என்றார். கடல் தன் வாசல்படியைத் தாண்டியதில்லை, இனியும் தாண்டாது என்றார். கடைசியில் ஜனத்தைப் பார்த்து, கிளம்பச் சொன்னது நான் இல்லைடா என்றும் சொல்லிவிட்டார்.

வந்தது வினை. கையில் இருக்கிற சார் போகச் சொல்கிறார், எதிரில் இருக்கிற சார் நான் சொல்லவில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? ஜனம் அப்படியே நின்றது. காற்று ஊளையிட ஆரம்பித்திருந்தது, தென்னை மட்டை ஒன்று நல்லவேளையாக யார் தலையிலும் படாமல் விழுந்தது. டைரக்டருக்குப் போன் போட்டேன். போலீஸை வைத்து ஏற்று என்றார். போலீஸ் இன்ஸ்பெக்டர் வரிசையில் ஏழெட்டுப் பேருக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னேன். அப்படியானால் அதட்டலின் சத்தத்தைக் கூட்டு என்று இம்மானுவேலுக்கு உத்தரவு போட்டார்.

கூட்டினான். தெருவில் இருந்த அத்தனை கையும் ஒரே நேரத்தில், 'ஓடுங்கடா, ஓடு' என்று அலறியது. ஜனம் மூட்டையைத் தூக்கித் திரும்பியது. தணிகாசலம் சாருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து, "நில்லு" என்றார். மெல்லத்தான் சொன்னார். ஊரே நின்றது. ஒரு கால் தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் நின்றேன்.

அலை ஒன்று வந்து தெருக்கோடியில் கிடந்த படகை நகர்த்தியது. எனக்கு மானம் ரோஷம் எல்லாம் போய்விட்டது. அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"தப்பு சார். கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். உங்க குரலை எடுத்துக்கட்டுமா?"

அவர் முகம் கொஞ்சம் இளகியது. "எடுத்துக்க. எல்லாரும் போங்கடா, இது நானே சொல்றது. நான் வரல."

ஒருவரும் நகரவில்லை. நீங்க இல்லாம எப்படி சார் என்று முனகினார்கள். அவர் போகச் சொல்லச் சொல்ல, இவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர் அழியப்போகிறது, இவர்கள் மரியாதை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இத்தனை நேரமும் செண்பகம்மா வாயைத் திறக்கவில்லை. காபி தம்ளர்களைப் பொறுக்கி எடுத்தார். உள்ளே போய் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. கொல்லைக் கதவைச் சாத்தினார். பிறகு தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்து, செருப்பை மாட்டினார். கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசைக்கு நடுவே புகுந்து, பஸ் நிற்கிற பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

தணிகாசலம் சார் திகைத்துப் போனார். "எங்க போற?"

பதில் இல்லை.

"ஏய், உன்னைத்தான். எங்க போறேன்னு சொல்லிட்டுப் போ."

செண்பகம்மா பாட்டுக்கு நடந்தார். அந்த ஊரில் உப்பு வாங்கக் கடைக்குப் போகிறவள்கூட வீட்டில் சொல்லிக்கொண்டுதான் போவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தம்மா ஒரு தரம்கூடச் சொல்லாமல் வாசல்படி இறங்கியதில்லையாம், பின்னால் கேள்விப்பட்டேன். சார் ஒரு நிமிஷம் நாற்காலியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு பனியனோடு, செருப்புகூடப் போடாமல், "சொல்லாமப் போறா பாரு, சொல்லாமப் போறா" என்று புலம்பிக்கொண்டே பின்னால் ஓடினார். வரிசை, பின்பக்கம் திரும்பி, அவருக்குப் பின்னால் நடந்தது. ஆடுகளும் நடந்தன.

முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் செண்பகம்மா உட்கார்ந்திருந்தார். சார் பக்கத்தில் உட்கார்ந்து மேடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். அந்தம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இருட்டுவதற்குள் கடல் உள்ளே வந்தது. சாரின் வாசல்படியைத் தாண்டியது, போர்டிகோவைத் தாண்டியது, கடற்கரைத் தெருவையே வாரிக்கொண்டு போயிற்று. பனங்கரையில் ஒரு உயிர் போகவில்லை.

வாரியம் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது. பிறகு குறைகளை ஆராயக் கூட்டம் போட்டது. அந்தம்மாவின் மௌனத்தைப் பதிவு செய்து சாரின் பட்டைக்குக் கொடுக்க முடியுமா என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டார். மௌனத்தை எந்தக் கோப்பில் சேமிப்பது என்று தெரியவில்லை என்றான் இம்மானுவேல். நான் எழுந்து, குரலுக்குச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டு, அவர்களை முதலில் முகாமுக்குக் கூட்டிவந்துவிட்டால் ஜனம் தானாக வந்துவிடும் என்று சொன்னேன். நல்ல யோசனை, ஆனால் ரொம்ப அலைச்சல் என்றார்கள்.

டைரக்டர் வித்யாசாகர்தான் வழி கண்டுபிடித்தார். அவருக்கு மூளை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"பிரச்சினை எங்கே? குரல்காரர் உயிரோட இருக்கார், அதனால ஜனம் சொல்லிக்கப் போகுது. இல்லாதவங்க குரலை மட்டும் வெச்சுக்குவோம். செத்தவங்ககிட்ட யாரும் போயிட்டு வரேன்னு சொல்லப்போறதில்லை."

இம்மானுவேல் கணக்குப் பார்த்துச் சொன்னான், இறந்துபோனவர்கள் சொன்னால் ஜனம் இன்னும் சீக்கிரமாகக் கேட்கிறதாம். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். நாடு முழுக்க அமலுக்கு வந்தது, பேப்பரில் எல்லாம் பாராட்டி எழுதினார்கள். பழைய கல்யாண வீடியோவிலிருந்தும் போன் பதிவுகளிலிருந்தும் தாத்தாக்களும் அப்பாக்களும் பெரியம்மாக்களும் ஆளுக்கொரு கையில் திரும்பி வந்தார்கள். பனங்கரை மட்டும்தான் தொங்கலில் நின்றது. வேறு எந்தக் குரலைக் கொடுத்தாலும் அந்த ஊர் எழுந்திருக்கவில்லை.

டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "அந்த மாஸ்டருக்கு என்ன வயசு இருக்கும்?"

"எழுபத்தெட்டு சார்."

"ஓகோ." பேனாவை மூடித் திறந்தார். "உடம்பு எப்படி?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் முகத்தையே பார்த்தேன். நாம் அவசரப்படவில்லை மங்களா, சும்மா தொடர்பில் இரு, மாதம் ஒரு தரம் நலம் விசாரித்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடு, போதும் என்றார் அவர்.

மாதா மாதம் போன் செய்கிறேன். மேட்டில் அரசாங்கம் கொடுத்த வீட்டில் இருக்கிறார்கள். சாருக்கு என் போன் என்றால் உயிர். முட்டி வலி, சர்க்கரை, ராத்திரி வருகிற இருமல், எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். இந்த அரசாங்கத்துல என் உடம்பை விசாரிக்கறது நீ ஒருத்திதாம்மா, நல்லா இருப்பே என்பார். நான் அதை எழுதி அனுப்புவேன். இருமல் என்று எழுதிய மாதம் டைரக்டர் தானே என் அறைக்கு வந்து, சளியோடவா, வறட்டு இருமலா என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் போனை எடுத்தது செண்பகம்மா. அவர் குரலை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். சார் குளிக்கப் போயிருக்கிறார் என்றார். எப்படி இருக்கிறார் என்று வழக்கம்போல் கேட்டேன்.

"நானும் பேப்பர் படிக்கறேம்மா" என்றார்.

எழுதத் திறந்து வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ நல்ல பொண்ணு, உன்னைச் சொல்லல. அவரு நல்லா சாப்புடறாரு, நல்லா தூங்கறாரு. இருமல்கூட நின்னுபோச்சு. உங்க ஆபீசுல கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

அதில் கோபமே இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சரிங்கம்மா என்றேன். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு, 'மாஸ்டர் நலம்' என்று ஒரு வரி எழுதி டைரக்டருக்கு அனுப்பினேன்.